விழுங்கிய ஊக்குகளைச் சேர்த்த டாக்டர்



இன்னைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. மருந்து, மாத்திரை, சுகர், பிரஷர் எதுவும் இல்லை. ஒரு வரலாறு. ஆனா முடியும்போது உங்க வீட்டு பாத்ரூம் வரைக்கும் வந்துதான் நிற்கும். அதனால பாதியில் விட்டுட்டுப் போயிடாதீங்க.

முதல்ல ஒரு கேள்வி.

உங்க சொந்தத்திலோ தெருவிலோ இப்படி யாராவது இருக்காங்களா? பஸ் டிக்கெட் சேர்க்கிறவர், சோடா மூடி சேர்க்கிறவர், பழைய பூட்டு, பேனா, கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டிப் படம்னு எதையாவது வருசக் கணக்கா சேர்த்துக்கிட்டே இருக்கிறவர்?

தபால்தலை, நாணயம் சேர்த்தாக்கூட நாம ஒத்துக்குவோம். "பின்னாடி விலை போகும்" என்று ஒரு மரியாதை உண்டு. ஆனா விலையே இல்லாத சாமானைச் சேர்த்தால்? "நல்ல மனுசன்தான், ஆனா கொஞ்சம் அப்படி" என்று சொல்லி, காதுக்குப் பக்கத்தில் விரலைச் சுத்திக் காட்டுவோம்.

எங்க குடும்பத்தில் அப்படி இருந்தவர் என் பெரிய மாமா. லைன்மேன் வேலை. ஊர் ஊராகப் போவார். போகிற இடத்திலெல்லாம் கீழே கிடக்கிற காலித் தீப்பெட்டியைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். கூடப் போகும் அத்தைக்கு மானமே போகும். "பொறுக்கித் திரியுறாரு" என்று அம்மாவிடம் வந்து அழும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைத் தண்ணீரில் ஊறவைப்பார். படத்தைக் கிழியாமல் உரிப்பார். காயவைத்து, நாற்பது பக்க நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே ஊர் பெயரும் தேதியும் எழுதுவார். சேவல், தாமரை, சிங்கம், சைக்கிள் என்று நோட்டு நோட்டாக இருந்தது.

அவர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்ப் போட்டது நான்தான். அப்போ பிளஸ் டூ படிச்சுட்டிருந்தேன். எடைக்கு வந்த காசில் புரோட்டா சாப்பிட்டேன். சத்தியமா ஒரு உறுத்தலும் இல்லை.

உறுத்த ஆரம்பித்தது பல வருசம் கழித்து. அதுக்குக் காரணம் ஒரு ஊக்கு.

எம்பிபிஎஸ் முடித்து ஹவுஸ் சர்ஜனாக இஎன்டி வார்டில் இருந்த நேரம். ராத்திரி ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாங்க. நம்ம ஊரில் அம்மாக்கள் தாலிச் சரட்டில் நாலு ஊக்கைக் கோத்து வைத்திருப்பாங்க இல்லையா? பால் குடிக்கும்போது குழந்தை அதில் ஒன்றை இழுத்து வாயில் போட்டிருக்கு. எக்ஸ்ரேயில் ஊக்கு திறந்த நிலையில், முனை மேலே பார்த்தபடி, உணவுக்குழாயில் நிற்குது.

எங்க பேராசிரியர் ஒரு குழாயை உள்ளே விட்டு, பொறுமையாக அதை வெளியே எடுத்தார். கிட்னி டிரேயில் "டிங்" என்று ஒரு சத்தம். குழந்தையின் அப்பா வாசலில் நின்று, "சார், அந்த ஊக்கைக் கொடுங்க, குலசாமி உண்டியல்ல போடணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றார். கழுவிக் கொடுத்தோம்.

பேராசிரியர் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "ஜாக்சனா இருந்தா கொடுத்திருக்கவே மாட்டார்ப்பா."

யார் சார் ஜாக்சன் என்று கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

சரி, கதைக்கு வருவோம்.

செவாலியர் ஜாக்சன். நம்ம நடிகர் திலகத்துக்குக் கொடுத்த மாதிரி பட்டம்னு நினைச்சுடாதீங்க. அப்பா அம்மா வைத்த பெயரே "செவாலியர்"தான். 1865 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். 1958ல் தன் 92ஆவது வயதில் இறந்தார்.

அவர் வாழ்நாள் முழுக்க ஒரு பொருள் சேகரிப்பு வைத்திருந்தார். இன்றைக்கும் அது பிலடெல்பியா நகரின் முட்டர் மியூசியத்தில் இருக்கு. மொத்தம் 2,374 பொருட்கள், வரிசை வரிசையான இழுப்பறைகளில்.

என்னென்ன தெரியுமா?

ஊக்கு, சட்டைப் பொத்தான், ஆணி, திருகு, காசு, எலும்புத் துண்டு, பல்செட், கடலை, விதை. ஒரு சின்னப் பூட்டு. பொம்மைக்கு வைக்கிற மாதிரி குட்டி பைனாகுலர் ஒன்று. பள்ளிக்கு ஒரு நாளும் லீவு போடாமல் வந்ததுக்காகக் கொடுத்த பேட்ஜ் ஒன்று. அதிர்ஷ்டம் வரும்னு சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற வில்லை ஒன்று.

எல்லாம் வீட்டில் அன்றாடம் புழங்குகிற சாமான்கள். ஒரே ஒரு வித்தியாசம். ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயிலோ போய் மாட்டி, டாக்டர் உள்ளே போய் எடுத்து வந்தது. பெரும்பாலும் குழந்தைகள்.

இப்போ சொல்லுங்க. ஒரு டாக்டர், நோயாளி தொண்டையில் இருந்து எடுத்த சாமானை எல்லாம் கழுவி, அட்டையில் பொருத்தி, அலமாரியில் அடுக்கி வைக்கிறார்னு கேள்விப்பட்டா உங்களுக்கு என்ன தோணும்?

எனக்கும் அதேதான் தோணுச்சு. "மனுசன் சரியில்லை."

அந்தக் காலத்திலும் அவரை விசித்திரமான ஆளாகத்தான் பார்த்தாங்க. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. விருந்து, அரட்டை எதிலும் ஒட்டமாட்டார். ஆனா எடுத்த பொருளை மட்டும் உரிமையாளருக்குத் திருப்பித் தரமாட்டார். கால் டாலர் காசு ஒன்றை எடுத்தபோது, அதைத் திருப்பிக் கேட்டு உயிருக்கே மிரட்டல் விட்டார்களாம். அப்பவும் கொடுக்கவில்லை என்று அவரைப் பற்றிய கதைகளில் சொல்வார்கள்.

கால் டாலருக்கு உயிரைப் பணயம் வைக்கிறவனை வெளியே நின்று பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? கிறுக்கன் என்றுதான் சொல்வார்கள்.

ஆனா உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேற.

ஜாக்சன் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதியில் வளர்ந்தார். சின்ன உடம்பு, சாதுவான பையன். மற்ற பசங்க அவரை அடித்தும் அடைத்தும் கொடுமைப்படுத்தியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கார். கண்ணாடிச் சாமான்களில் ஓவியம் தீட்டிச் சம்பாதித்துத்தான் படிப்பைப் பார்த்துக்கொண்டார். 1886ல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்.

அந்தக் காலத்தில் ஒரு குழந்தை எதையாவது விழுங்கி மூச்சுக்குழாயில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாங்க? தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவாங்க. வாந்தி எடுக்க வைப்பாங்க. கழுத்தை அறுத்துத் திறந்து பார்ப்பாங்க. அதுவும் முடியாவிட்டால் காத்திருப்பாங்க. நுரையீரலில் சீழ் கட்டி, மாதக் கணக்கில் இருமி இருமிக் குழந்தை போய்விடும்.

1890 வாக்கில் ஜாக்சன் உணவுக்குழாய்க்குள் பார்க்க ஒரு குழாயை உருவாக்கினார். மூச்சுக்குழாய்க்குள் முதலில் போனது அவர் இல்லை. 1897ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் இருந்து பன்றி எலும்புத் துண்டை எடுத்தார். ஜாக்சன் செய்த பெரிய மாற்றம், குழாயின் உள்முனையில் ஒரு சின்ன மின்விளக்கைப் பொருத்தியது. இருட்டுக் கிணற்றில் மேலே இருந்து டார்ச் அடிப்பதற்கும் விளக்கையே கயிறு கட்டி உள்ளே இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆனா கருவி மட்டும் போதாது. இங்கேதான் அந்தக் "கிறுக்கு" சேகரிப்பு வருது.

ஒவ்வொரு பொருளோடும் அவர் ஒரு குறிப்பு வைத்தார். நோயாளியின் வயசு என்ன, என்ன பொருள், எங்கே மாட்டியது, எத்தனை நாளாக உள்ளே இருந்தது, எந்தக் கருவியால் எப்படி எடுத்தோம், கடைசியில் என்ன ஆச்சு. எல்லாமே எழுத்தில். கூடவே எக்ஸ்ரே, படங்கள். அவர் நல்ல ஓவியர் வேற. இரண்டு கையாலும் வரைவார். பாடம் எடுக்கும்போது கலர் சாக்பீஸால் தொண்டையின் உள்பக்கத்தை அப்படியே போர்டில் கொண்டு வந்துவிடுவாராம்.

இப்படி நூறு ஊக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு ஊக்கைப் பார்த்தால் தெரியாதது தெரியும்.

உதாரணத்துக்கு, ஊக்கின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள கோடு. முன்னால் போகிற முனை சதையைக் குத்திக் கிழிக்கும். பின்னால் இழுபட்டு வருகிற முனை குத்தாது. அதனால் முனை மேலே பார்த்து நிற்கிற ஊக்கை அப்படியே மேலே இழுக்கக்கூடாது. மெதுவாக இரைப்பைக்குள் இறக்கி, அங்கே இருக்கிற இடத்தில் திருப்பி, முனை பின்னால் வரும்படி வெளியே எடுக்கணும்.

படிக்கும்போது "அட, இவ்வளவுதானா" என்று இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் இழுத்து, உணவுக்குழாய் கிழிந்து போன குழந்தைகள் எத்தனையோ.

இன்னொன்று. ஒரு குழந்தை என்ன விழுங்கியதுன்னு தெரிந்தால், அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வரச் சொல்வார். அதை ஒரு ரப்பர் குழாய்க்குள் போட்டு, எந்தப் பக்கம் பிடித்தால் வழுக்காது, எப்படித் திருப்பினால் சிக்காதுன்னு ஒத்திகை பார்ப்பார். அதுக்கப்புறம்தான் குழந்தையிடம் போவார். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பொம்மையே வைத்திருந்தார். இன்றைக்கு "சிமுலேஷன் லேப்" என்று கோடிக் கணக்கில் கட்டுகிறார்களே, அதுக்குத் தாத்தா அந்த ரப்பர் குழாயும் பொம்மையும்தான்.

விளைவு?

மூச்சுக்குழாயில் பொருள் மாட்டியவர்களில் முன்பெல்லாம் 100 பேருக்கு 24 பேர் வரை இறந்தார்கள் என்றும், குழாய் வழியாக எடுக்கும் முறை வந்தபின் அது 2 பேராகக் குறைந்தது என்றும் 1936ல் ஜாக்சன் பதிவு செய்தார். இன்றும் இஎன்டி, நுரையீரல் புத்தகங்களில் மேற்கோள் காட்டுகிற எண் இது. அதே 1936ல் அவரும் அவர் மகனும் சேர்ந்து, அந்நியப் பொருட்களால் வரும் நோய்கள் பற்றிப் பெரிய புத்தகம் போட்டாங்க. அதுக்கு ஆதாரமே அந்த அலமாரிதான்.

கால் டாலரை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று இப்போ புரியுதா? கேட்டவருக்கு அது காசு. அவருக்கு அது சாட்சி.

இதோடு முடிந்திருந்தால் "திறமையான டாக்டர்" என்று சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இனிமேல்தான் முக்கியமான பகுதி.

குறிப்பு எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு மக்களே. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அவனால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

ஜாக்சனிடம் வந்த குழந்தைகளில் ஒரு கூட்டம் எதையும் விழுங்கி மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. அவர்கள் குடித்தது காஸ்டிக். அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் சோப்பு காய்ச்ச, அடைத்த சாக்கடையைச் சுத்தம் செய்ய டப்பாவில் வாங்கி வைப்பாங்க. மளிகைக் கடையில் சர்க்கரை, மாவு விற்கிற அதே இடத்தில் கிடைக்கும். டப்பாவில் விஷம் என்று எழுதணும்னு கட்டாயம் இல்லை. பார்க்கச் சர்க்கரை மாதிரி வெள்ளையா இருக்கும். குழந்தை ஒரு விரலில் தொட்டு நக்கினால் போதும்.

காரம், அதாவது அல்கலி, சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். குழந்தை உயிர் பிழைக்கும். ஆனா சில வாரங்களில் உணவுக்குழாய் வெந்து சுருங்கித் தழும்பாகி ஒரு நூல் அளவு துவாரமாகிவிடும். சோறு இறங்காது. அப்புறம் பால் இறங்காது. கடைசியில் தண்ணீரும் இறங்காது.

அப்படி வந்த ஒரு சிறுமியைப் பற்றி அவர் எழுதியிருக்கார். தண்ணீர்கூட இறங்காத நிலையில் வந்த பிள்ளை. குழாயை விட்டுப் பார்த்தால், சுருங்கிய இடத்தில் உணவுத் துணுக்கு அடைத்திருக்கு. அதை எடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாங்க. குழந்தை பயந்து பயந்து ஒரு மடக்கு குடித்தது. எப்போதும் போல மேலே எதுக்களித்து வரும்னு காத்திருந்தது. வரவில்லை. இறங்கிடுச்சு. இன்னொரு மடக்கு. அதுவும் இறங்கிடுச்சு. பக்கத்தில் இருந்த நர்ஸின் கையை மெதுவாக விலக்கிட்டு, அந்தப் பிள்ளை டாக்டரின் கையை எடுத்து முத்தம் கொடுத்ததாம்.

இந்த இடத்தைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு குழந்தைன்னா விதி என்று சொல்லலாம். பத்து குழந்தைன்னா துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அலமாரி நிறைய குறிப்பு இருந்தால்? அது விதி இல்லை, டப்பாவில் ஒரு வார்த்தை எழுதாததன் விளைவு என்று தெரிந்துவிடும்.

ஜாக்சன் தன் குறிப்புகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டர்களிடம் பேசினார், தயாரிப்பாளர்களிடம் பேசினார், சட்டம் செய்பவர்களின் கதவைத் தட்டினார். கூட்டம் என்றாலே ஒதுங்குகிற மனிதர் இதுக்காகப் பல வருசம் அலைந்தார். 1927 மார்ச் 4 அன்று ஜனாதிபதி கூலிட்ஜ் காஸ்டிக் விஷச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். காஸ்டிக்கும் அது மாதிரியான வேறு சில வீட்டு ரசாயனங்களும் விற்கும் டப்பாவில் "விஷம்" என்று தெளிவாக எழுதணும், குடித்துவிட்டால் என்ன செய்யணும் என்பதையும் அச்சிடணும்.

இன்றைக்கு எந்த கிளீனர் பாட்டிலை எடுத்தாலும் பின்னால் "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். நாம யாரும் படிப்பதில்லை. அந்த மாதிரி வாசகங்கள் சும்மா வரவில்லை. முதலில் அதுக்காகச் சண்டை போட்டவர்களில் ஒருவர், ஊக்கும் பொத்தானும் சேர்த்த இந்த "கொஞ்சம் அப்படி" ஆள்.

இங்கே ஒரு டாக்டராக ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். இல்லைன்னா பின்னூட்டத்தில் கேட்பீங்க.

"அப்போ எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கிறது எல்லாம் நல்லதா டாக்டர்?"

இல்லை. சேர்ப்பதில் நோயும் உண்டு. எதையும் வீசமுடியாத தவிப்பு, வீசச் சொன்னால் பதற்றம், வீட்டில் படுக்கவும் சமைக்கவும் இடமில்லாத அளவு அடைசல் என்று போனால் அது ஹோர்டிங் டிஸ்ஆர்டர். 2013ல் வந்த டிஎஸ்எம் 5 இதைத் தனி நோயாகவே சேர்த்தது. 1947ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காலியர் சகோதரர்கள் என்ற இருவர் இறந்து கிடந்தாங்க. வீடு முழுக்கக் கூரை வரைக்கும் பேப்பர் கட்டும் சாமானும். தம்பி தான் அடுக்கிய குவியலே சரிந்து அதுக்கு அடியில் செத்தார். அவரை நம்பி இருந்த, கண் தெரியாத, நடமாட முடியாத அண்ணன் சாப்பாடு இல்லாமல் செத்தார். வீட்டில் இருந்து அள்ளியது நூறு டன்னுக்கும் மேல்.

வெளியே நின்று பார்த்தால் காலியரும் ஜாக்சனும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இரண்டு பேரும் மற்றவர் குப்பைன்னு நினைப்பதைச் சேர்த்தவர்கள்.

வித்தியாசம் எங்கே? பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிற சீட்டில். ஒருவரிடம் குவியல் இருந்தது. இன்னொருவரிடம் வரிசையும் குறிப்பும் இருந்தது. குவியல் ஆளை மூடும். குறிப்பு மற்றவருக்குக் கதவைத் திறக்கும். நோயா, ஆர்வமா என்று தெரியணும்னா தெருவில் நின்று சிரித்தால் தெரியாது. உள்ளே போய் "இது என்னங்க?" என்று கேட்கணும். குவியல் வைத்திருப்பவர் தடுமாறுவார், கோபப்படுவார், அவருக்குச் சிகிச்சை வேணும். சேகரிப்பு வைத்திருப்பவர் முகம் மலர்ந்து இரண்டு மணி நேரம் பேசுவார், அவருக்கு வேண்டியது ஒரு நாற்காலியும் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆளும்தான்.

இது ஏதோ அமெரிக்கக் கதைன்னு நினைக்காதீங்க. நம்ம காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே இருந்தவர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று யாரும் எடுத்து வைக்காத காகிதத்தை எல்லாம் எடுத்து வைத்தார். 1992ல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கப்பலில் ஏற்றாமல் இங்கேயே வைத்து, 1994ல் சென்னையில் நூலகமாக்கியது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகளோடு தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்றைக்குத் தரமணியில் இருக்கு. நூறு வருசத்துக்கு முந்தைய தமிழ்நாட்டில் மனிதர்கள் என்ன நாடகம் பார்த்தாங்க, பத்திரிகையில் எப்படிப் பெயர் போட்டாங்கன்னு தெரிஞ்சுக்க உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அங்கேதான் வர்றாங்க.

அவர் வீட்டுக் காகிதத்துக்கு அந்த யோகம் கிடைத்தது. என் மாமாவின் நோட்டுகளுக்குக் கிடைத்தது என் சைக்கிள் கேரியர்.

எந்த ஊரில் எந்த வருசம் எந்தப் படம் போட்ட தீப்பெட்டி விற்றது என்று அந்த மனுசன் எழுதி வைத்திருந்தார் மக்களே. சிவகாசிக்காரங்க யாராவது கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாங்க. நான் புரோட்டா சாப்பிட்டேன்.

சரி, பாத்ரூமுக்கு வர்றேன்னு சொன்னேன் இல்லையா?

ஜாக்சனைப் படித்த பிறகு நானும் ஒரு நோட்டுப் போட்டேன். பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. கேஷுவாலிட்டியில் எதையாவது விழுங்கியோ குடித்தோ வருகிற குழந்தைகளைப் பற்றி நாலு வரி எழுதுவேன். பெயர் எழுதுவதில்லை. வயசு, என்ன பொருள், எதில் இருந்தது, வீட்டில் எந்த இடத்தில் இருந்தது. அவ்வளவுதான். கூட வேலை பார்க்கிறவங்க "என்ன டாக்டர், பிஎச்டியா?" என்று கிண்டல் பண்ணுவாங்க. மாமாவைப் பார்த்து நாங்க சிரிச்ச அதே சிரிப்பு. பரவாயில்லை.

நோட்டு கொஞ்சம் நிறைந்ததும் ஒரு நாள் டியூட்டி ரூமில் புரட்டினேன். ஆசிட், கிளீனர், பெயின்ட் தின்னர், மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகளின் பக்கத்தில், "எதில் இருந்தது" என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே பதில் என் கையெழுத்திலேயே இருந்தது.

வாட்டர் பாட்டில். கூல்டிரிங்க்ஸ் பாட்டில்.

கடையில் பெரிய கேனில் வாங்கி, தெருவில் சைக்கிளில் வருகிறவரிடம் வாங்கி, வீட்டில் கிடந்த குடிக்கிற பாட்டிலில் ஊற்றி, பாத்ரூம் ஓரத்தில் வைக்கிறோம். குழந்தைக்கு அந்த பாட்டில் என்றால் ஜூஸ். தாகத்தோடு ஓடி வந்து திறந்து வாயில் வைக்குது. ஜாக்சன் சண்டை போட்டு ஒட்டவைத்த லேபிளை நாம நம்ம கையாலேயே கழற்றிவிடுகிறோம்.

ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தபோது அவசரத்தில் டிரிப்ஸ் போட்டு, மேல் சிகிச்சைக்கு அனுப்பி, அடுத்த நோயாளியைப் பார்த்துட்டேன். தனித்தனியாகப் பார்த்தவரை எனக்கு இது தெரியவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்த பிறகுதான் தெரிந்தது. அதுக்கப்புறம் எங்க ஏரியா கிராம சுகாதார செவிலியர்களிடம் சொன்னேன். தடுப்பூசி நாளில் வருகிற அம்மாக்களிடம் அவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்றாங்க.

அதனால் உங்ககிட்டயும் கேட்கிறேன்.

இன்றைக்கு ராத்திரி படுப்பதற்கு முன் ஒரு தடவை பாத்ரூம், சிங்குக்கு அடியில், மாடிப்படி ஓரம் பாருங்க. குடிக்கிற பாட்டிலில் ஆசிட், பினாயில், தின்னர், மண்ணெண்ணெய் ஏதாவது இருந்தால் அப்புறப்படுத்துங்க. வாங்கிய டப்பாவிலேயே, மூடி இறுக்கி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பிள்ளை குடித்தே விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். எலுமிச்சைச் சாறு, புளித்த மோர் என்று எதையும் ஊற்றாதீங்க. வாயைத் தண்ணீரால் துடைத்து, அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. 108 இருக்கு.

காசு, ஊக்கு விழுங்கினால் வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுத்து உள்ளே தள்ளாதீங்க. அதே வேலையை உங்க குழந்தையின் தொண்டையில் ஜாக்சன்கூடச் செய்திருக்கமாட்டார். பொம்மையில் இருக்கிற வட்டமான பட்டன் பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க. இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பித்துவிடும்.

கடைவாய்ப்பல் முளைக்காத பிள்ளைக்கு நிலக்கடலை முழுசாகக் கொடுக்காதீங்க. ஜாக்சன் ஆயுசு முழுக்கத் திட்டியது கடலையைத்தான். நம்ம ஊரில் புளியங்கொட்டையையும் சீத்தாப்பழ விதையையும் அதோடு சேர்த்துக்கோங்க.

தாலிச் சரட்டில் ஊக்கு கோத்திருக்கிற அம்மாக்களே, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற வரைக்கும் அதை வேற எங்கேயாவது குத்தி வையுங்க. தாலிக்கு ஒண்ணும் ஆகாது.

கடைசியாக ஒன்று.

உங்க தெருவில் பஸ் டிக்கெட் சேர்க்கிற, பழைய பூட்டு சேர்க்கிற அந்த மனுசன் இன்னும் இருக்கார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி அவர் வீட்டுக்குப் போங்க. "இதெல்லாம் என்னன்னு காட்டுங்களேன்" என்று கேளுங்க. அவர் என்ன எழுதி வைத்திருக்கார்னு பாருங்க. அவர் காலத்துக்குப் பிறகு அது எங்கே போகணும்னும் இப்பவே கேட்டு வைத்துக்கோங்க.

நான் கேட்கவில்லை. மாமாவின் நோட்டில் எனக்கு நினைவிருப்பது ஒரு பக்கம்தான். சைக்கிள் படம் போட்ட தீப்பெட்டி. பக்கத்தில் ஊர் பெயர் எழுதியிருந்தது. எந்த ஊர் என்பது மறந்துவிட்டது.

குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் பகிருங்க.

உங்க ஊர் ஜிஎச் டாக்டர்